மரத்தடி நிரை

கோடு போட்ட தாள் கொடுத்ததற்கு நன்றி. கோடில்லாத தாளில் என் எழுத்து மேட்டுக்கு ஏறிவிடும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் வரும் என்று சொன்னீர்கள். அதுவும் நல்லது. நேற்று முன்தினமும் நேற்றுக் காலையிலும் உங்கள் சார்ஜன்டிடம் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். என் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும், இதற்குப் போதவில்லை. பாதி கேட்டதுமே அவர், "மாத்தயா, கெதர யன்ன" என்று என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். நல்ல மனிதர். பிளேன்டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

என் பெயர் ஜீவராஜ். வயது நாற்பத்தொன்று. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. தோட்டத்தின் பெயரை நீங்களே மேலே எழுதிவிட்டீர்கள். இறம்பொடைக்கு மேலே உள்ள எங்கள் மேல்பிரிவில் கொழுந்து பறிக்கும் முப்பத்துமூன்று பெண்கள் என் பொறுப்பு. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவேன். எந்த மலையில் யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பேன். நிரை என்றால் ஒருத்தி அன்று தொடங்கி முடிக்க வேண்டிய தேயிலை வரிசை. யாருக்கு எது என்று சொல்வது கணக்கப்பிள்ளையின் வாய். மறுத்துப் பேசும் வழக்கம் கிடையாது.

பேச்சியம்மா மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். மொழிபெயர்ப்பவர் அதைத்தான் முதலில் தேடுவார். காதல், சாதி, சங்கத் தகராறு ஒன்றும் இல்லை. ஐம்பத்திரண்டு வயது, கணவன் இறந்து பதினாறு வருடம், பிள்ளை இல்லை. என்னை ஒரு நாளும் எதிர்த்துப் பேசியவர் அல்ல. நியாயமாகச் சொன்னால் அந்த முப்பத்துமூன்று பேரில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

மூன்று வருடமாக நான் வெளிவாரியாகப் பட்டத்துக்குப் படிக்கிறேன். பாடம் மெய்யியல். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியில் வகுப்பு. கணக்கப்பிள்ளைக்கு எதற்கு மெய்யியல் என்று எங்கள் ஆபீசில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு அதில் ஒழுக்கவியல் என்ற பகுதி பிடித்துப்போனது. இருபது வருடமாக மலையில் நின்று, இவளுக்கு இதைக் கொடுத்தால் அவளுக்கு அநியாயம், அவளுக்குக் கொடுத்தால் இவளுக்கு அநியாயம் என்று இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தவன் நான். அந்தத் தவிப்புக்கெல்லாம் பெயர் இருக்கிறது, அதைப் பற்றி ஆயிரக்கணக்கான வருடமாக மனிதர்கள் யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சரி எது, தவறு எது என்று தீர்மானிக்க அங்கே சில சிந்தனைப் பள்ளிகள் உண்டு. ஒரு பள்ளி விளைவைப் பார் என்கிறது. எந்தக் காரியத்தால் அதிகம் பேருக்கு நன்மையோ அதுதான் சரி. இன்னொரு பள்ளி விளைவைப் பார்க்காதே, கடமையைப் பார் என்கிறது. பொய் சொல்லக் கூடாது என்றால் கூடாதுதான், உயிர் போனாலும் கூடாது. ஒரு மனிதனை இன்னொரு காரியத்துக்குக் கருவியாக்கவும் கூடாது. மூன்றாவது பள்ளி, செயலை விடு, நீ எப்படிப்பட்ட மனிதன், நல்லவன் ஒருவன் இந்த இடத்தில் என்ன செய்வான் என்று கேட்கிறது. நான்காவது ஒன்றும் உண்டு. மனிதர்கள் ஒன்றுகூடி ஒப்புக்கொள்ளும் ஏற்பாடுதான் நீதி என்பது. அந்த வகுப்புக்கு மட்டும் நான் போகவில்லை. அன்று வழியில் மண் சரிந்து பஸ் திரும்பிவிட்டது. பிறகு கூடப் படிப்பவரிடம் குறிப்பு வாங்கிப் போட்டோக் கொப்பி எடுத்தேன். முதல் பக்கம் மட்டும்தான் தெளிவாக விழுந்திருந்தது. அதில் சம்மதம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

இனி குளவிக்கு வருகிறேன்.

ஏழாம் நம்பர் மலையில் ஓடைப் பக்கம் ஒரு பெரிய சவுக்கு மரம் நின்றது. போன தை மாதம் அதில் குளவி கூடு கட்டியது. சித்திரைக்குள் அது நெல் மூட்டை அளவுக்கு வந்துவிட்டது. மரத்துக்கு நேர் கீழே ஒரு நிரை போகிறது. மற்ற நிரைகள் கொஞ்சம் தள்ளி. குளவி கலைந்தால் மற்றவர்கள் ஓடித் தப்பலாம், மரத்தடி நிரையில் நிற்பவள் தப்ப முடியாது. ஒரு பருந்து இறக்கையால் தட்டினால் போதும், காற்றில் ஒரு கிளை முறிந்தால் போதும். மலையகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சாவு. நீங்களும் எத்தனையோ தடவை பதிவு செய்திருப்பீர்கள்.

நான் தோட்டத்தை நடத்தும் துரைக்கு மூன்று கடிதம் எழுதினேன். பிரதி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் என் குவாட்டர்ஸில் இரும்புப் பெட்டியில் மேலாக இருக்கும். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, பார்க்கிறோம் என்று வாயால் சொன்னார்கள். மூன்றாவதுக்கு, கூட்டை அகற்ற வெளியிலிருந்து பயிற்சி பெற்ற ஆட்கள் வர வேண்டும், அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், அதுவரை தொழிலாளர்கள் எவரும் கூட்டில் கை வைக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை நானே பெரட்டில் வாசித்துக் காட்டினேன்.

மரத்தடி நிரையை இரண்டு தடவை பறிக்காமல் விட்டுப் பார்த்தேன். கொழுந்து முற்றி வீணாய்ப் போனது. துரை வந்து பார்த்துவிட்டு, அன்று அந்த மலையில் நின்ற எல்லோருக்கும் அரைப்பேர் போடச் சொன்னார். அதாவது முழு நாள் உழைத்தாலும் அரை நாள் வேலை என்றுதான் பதிவாகும். பெண்கள் அதற்கடுத்த நாள் வேலைக்குப் போக மாட்டோம் என்று பெரட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கு அரைப்பேரும் இல்லாமல் போனது.

மூக்கன் கங்காணி ஆண்களுக்குப் பொறுப்பு. பழைய ஆள். ஒரு நாள் சாயந்தரம் வேலை முடிந்ததும் சாக்குச் சுற்றிய பந்தத்தோடு என் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, நீங்க வீட்டுக்குள்ள போயிருங்க. நீங்க பாக்கல. நான் பாத்துக்கிறேன்."

"சுற்றறிக்கை இருக்குங்க, கங்காணி."

"அட, அந்தக் காயிதத்த குளவிக்கிட்டயா படிச்சுக் காட்டப் போறீங்க?"

நான் விடவில்லை. விதி என்று ஒன்று இருந்தால் அது எனக்குச் சாதகமாக இருக்கும்போது மட்டும் விதியாக இருக்க முடியாது. அது இரண்டாவது பள்ளி. கங்காணி பந்தத்தை என் வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார். அந்தச் சாக்கை இன்னும் நான் எடுத்துப் போடவில்லை.

கீழ்ப்பிரிவில் போன வருடம் ஒரு பெண் குளவி கொட்டி இறந்தாள். அங்கேயும் கடிதம் எழுதிக் காத்துத்தான் கிடந்தார்கள். அவள் இறந்த மறுநாளே உடம்பெல்லாம் மூடிய உடுப்போடு ஆட்கள் லொறியில் வந்து இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் கூடு சாம்பல். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு யோசித்தபோது, எங்கள் தோட்டத்தில் குளவிக்கூடு அகற்ற விண்ணப்பம் ஒன்றுதான் உண்டு, அது மரணச் சான்றிதழ் என்று புரிந்தது. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு மரத்தடி நிரையை முறை வைத்துக் கொடுத்தேன். ஏழு நாளைக்கு ஒரு தடவை அந்த மலைக்கு வருவோம், ஒவ்வொரு தடவையும் ஒருத்தி. அதுதான் நியாயம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஐந்தாவது முறை பூரணிக்கு வந்தது. இருபத்தொன்பது வயது. மூன்று பிள்ளைகள், கடைசி இன்னும் பால்குடி. கணவன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை, தீபாவளிக்குத் தீபாவளி வருவான். பக்கவாதத்தில் கை விழுந்த மாமியாரும் அவள் பாடு. அன்று காலை முழுவதும் நான் மேல் ரோட்டில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை கொழுந்தில் இருந்தது, கண் மரத்தில் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவள் நிரையை முடித்து வெளியே வந்ததும் நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இனி ஒரு தடவை இதைப் பார்க்க என்னால் முடியாது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு தாளில் முப்பத்துமூன்று பெயரையும் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே பிள்ளைகள் எத்தனை, தாய் தகப்பன் இருக்கிறார்களா, புருஷன் குடியா, நோய் உண்டா, இவள் போனால் எத்தனை பேர் தெருவில் நிற்பார்கள் என்று குறித்தேன். ஒவ்வொருவரின் வீட்டு நிலவரமும் எனக்கு அத்துப்படி, யாரையும் கேட்கத் தேவையில்லை. பூரணிக்குக் கணவனையும் சேர்த்து ஐந்து என்று வந்தது. பெரும்பாலானவர்களுக்கு மூன்று, நான்கு. பேச்சியம்மாவுக்கு மட்டும் சைபர். இழுப்பு நோய் என்ற குறிப்பும் அந்தப் பெயருக்கு நேரே இருந்தது.

திக்கற்றவருக்குத் தெய்வம் துணை என்று லயத்து வரிசை வீடுகளில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். அது வெறும் இரக்கப் பேச்சு. நான் தாளில் பார்த்தேன்.

மறுவாரத்திலிருந்து மரத்தடி நிரை பேச்சியம்மாவுக்கு நிரந்தரமாகப் போனது. மூன்று தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான்காவது தடவை கொழுந்து நிறுக்கும்போது கூடையை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"என்னாங்கையா, இந்த நெரைய எனக்கே எழுதி வச்சுட்டீங்களா?"

நான் தராசு முள்ளைப் பார்த்தேன். அவரே சிரித்தார். வெற்றிலைக் காவிப் பல் முழுக்கத் தெரிய.

"சரி விடுங்க. எனக்கென்ன புள்ளையா குட்டியா. பூரணிக்கு மட்டும் குடுத்துறாதீங்க. அவ அன்னைக்கு வந்து ராத்திரி சோறே திங்கல."

"சம்மதமா, அக்கா?" என்று கேட்டேன்.

"இதுல என்னாங்க சம்மதம்? குடுத்தா பறிக்கிறேன்."

அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். நான்காவது பள்ளியும் சரியாகிவிட்டது என்று அன்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். திகதியோடு இருக்கும்.

அதோடு நின்றிருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். நடந்தது என்னவென்றால், வைகாசி கடைசியில் பேச்சியம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த வாரம் மரத்தடி நிரையை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். பெரட்டில் நான் பெயர் சொல்லாமல் நின்றேன். முப்பத்திரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் அழகம்மா தானே முன்னால் வந்தாள். அவளுக்கு என் தாளில் நான்கு. அன்றும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றுதான் என் ஏற்பாட்டின் ஓட்டை தெரிந்தது. பேச்சியம்மாவை அங்கே நிறுத்தி வைப்பதால் ஆபத்து போய்விடவில்லை. அது மரத்திலேயேதான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் படுக்கிற நாளில், அவர் ஓய்வு பெற்ற பிறகு, அது அழகம்மாவுக்கோ பூரணிக்கோதான் வரும். ஆபத்து தீர வேண்டுமென்றால் அது ஒரு தடவை நடந்து முடிய வேண்டும். நடந்தால் மறுநாள் லொறி வரும். முப்பத்திரண்டு பேர் நிம்மதியாக வேலை செய்வார்கள். அது எப்போது, யார் மேல் என்று குளவியின் கையில் விடுவதா, யோசிக்கத் தெரிந்த மனிதன் ஒருவன் பொறுப்பெடுப்பதா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

இரண்டாவது பள்ளி இதற்கு ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். மூன்றாவதும் ஒத்துக்கொள்ளாது. நல்ல மனிதன் இதைச் செய்வானா என்று கேட்டால் செய்ய மாட்டான்தான். ஆனால் நல்ல மனிதன் என்ன செய்வான் என்றும் எனக்குத் தெரியவில்லை. கடிதம் எழுதுவான். நான் எழுதினேன். நாலு பள்ளியில் இரண்டு என் பக்கம் இருந்தன. பரீட்சையில் பாதி மார்க் வாங்கினாலே சித்தி, பாஸ்.

போன செவ்வாய்க்கிழமை காலை மழை விட்டு வெயில் அடித்தது. மூக்கன் கங்காணி ஆண்களோடு எட்டாம் நம்பரில் செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டப் போயிருந்தார். ஏழாம் நம்பரில் பெண்களும் நானும்தான். முதல் நிறுவைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போதே, எல்லோரும் கொழுந்தைத் தூக்கிக்கொண்டு கீழே நிறுக்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள், நான் வருகிறேன் என்று சத்தம் கொடுத்தேன். பேச்சியம்மா கூடையைத் தூக்கப் போனார். "அக்கா, நீங்க அந்த மிச்சத்தையும் முடிச்சிட்டே வாங்க, ஏழெட்டுச் செடிதானே" என்றேன். சரிங்கையா என்று திரும்பக் குனிந்தார்.

நான் மழைக் கோட்டைப் போட்டுத் தலையையும் முகத்தையும் மூடிக் கட்டிக்கொண்டு மேல் ரோட்டுக்குப் போனேன். அங்கிருந்து கூடு நேராகத் தெரியும். முதல் கல் கிளையில் பட்டு விழுந்தது. பேச்சியம்மா நிமிர்ந்து பார்த்தார். குரங்கு என்று நினைத்திருக்க வேண்டும். "சூ, சூ" என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி பறித்தார். இரண்டாவது கல் பட்டது.

முதல் கல்லுக்கும் இரண்டாவது கல்லுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். அவர் நான்கு கொழுந்து பறித்தார்.

இங்கேதான் என் தவறு. கொழுந்து பறிக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தன் நிரையை முடித்த ஒருத்தி, பக்கத்தில் பின்தங்கிய நிரைக்குப் போய் எதிர்முனையிலிருந்து பறித்து முடித்துக் கொடுப்பாள். கேட்கத் தேவையில்லை, கைம்மாறும் கிடையாது. வேலை நேரத்தில் ஊர்க்கதை பேசத்தான் இந்தச் சாக்கு என்று நான் பல தடவை ஏசியிருக்கிறேன். ஏசினாலும் நிறுத்த மாட்டார்கள். இருபது வருடமாகத் தினமும் பார்த்த விஷயம். அந்தத் தாளில் அதற்கு இடமே இல்லை.

பூரணி நிறுக்கும் இடத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அக்கா நெரைய முடிச்சுக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லித் திரும்பி வந்திருக்கிறாள். இதை அழகம்மா பிறகு சொன்னாள். நான் மேல் ரோட்டில் செடிக்குள் படுத்துக் கிடந்தபோது அவள் வளைவில் ஏறி வருவது தெரிந்தது. அப்போது குளவி வெளியே வந்து ஆகாயம் கறுத்திருந்தது. பேச்சியம்மா கத்த ஆரம்பித்திருந்தார். பூரணிக்கும் அவருக்கும் இடையில் முப்பது அடி இருக்கும். அவள் திரும்பி ஓடியிருந்தால் தப்பியிருப்பாள்.

நான் கத்தியிருக்கலாம். கத்தினால் நான் எங்கே கிடந்தேன் என்று தெரிந்துவிடும் என்பதால் கத்தவில்லை என்று சொன்னால் ஒரு காரணமாவது இருக்கும். அதுகூட இல்லை. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கை கால் விளங்காதவன் மாதிரிக் கிடந்தேன். ஓடிப் போடி, ஓடிப் போடி என்று நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டது. அவள் ஓடினாள். பேச்சியம்மாவை நோக்கி ஓடினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவர் தலையில் போட்டு, அவரைக் கீழே தள்ளி, அவர் மேல் படுத்துக்கொண்டாள்.

பேச்சியம்மா வைத்தியசாலைக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார். கொட்டியது குறைவுதான், இழுப்பு வந்து மூச்சு நின்றுவிட்டது. பூரணியின் உடம்பில் நூற்றுக்கு மேல் கொடுக்கு எடுத்தார்களாம். சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்கிறார்கள். இன்று காலை உங்கள் கான்ஸ்டபிளைக் கெஞ்சி வைத்தியசாலைக்குப் போன் கோல் எடுக்கச் சொன்னேன். இன்னும் கண் திறக்கவில்லை.

புதன்கிழமை லொறி வந்தது. ஆட்கள் வந்தார்கள். புகை போட்டுக் கூட்டைக் கொளுத்தினார்கள். இந்த இடத்தில் நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. சனிக்கிழமை ஓடைக்கு அந்தப் பக்கம், எட்டாம் நம்பரில் ஒரு மரத்தில் மிச்சக் குளவி ஒட்டிக்கொண்டிருப்பதாக மூக்கன் கங்காணி வந்து சொன்னார். உள்ளங்கை அகலம்தானாம், இப்போதைக்கு.

வியாழக்கிழமை அடக்கம். தப்பு மேளச் சத்தம் அடிவாரம் வரை கேட்டது. பேச்சியம்மாவின் காம்பிராவுக்குள், லயத்தின் அந்த ஒற்றை அறைக்குள், நான் அன்றுதான் முதல் தடவை போனேன். மூலையில் சின்னச் செருப்பு மூன்று சோடி இருந்தது. சுவரில் கரிக்கட்டியால் பிள்ளைகளின் உயரம் குறித்திருந்தது. பேச்சியம்மா விடியவே சமைத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம், பூரணியின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் சாப்பிடுமாம், ராத்திரி அங்கேதான் தூங்குமாம். கை விழுந்த மாமியாரைக் குளிப்பாட்டுவதும் பேச்சியம்மாதானாம். பக்கத்துக் காம்பிராவுக்குத் தெரிந்தது, லயத்துக்கே தெரிந்தது. யார் வீட்டில் என்ன என்று எனக்கு அத்துப்படி என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

குழிக்குப் பக்கத்தில், முதல் மண் யார் போடுவது என்று பேச்சு வந்தது. பூரணியின் மூத்த மகள் தனுஜா, ஒன்பது வயது, முன்னால் வந்து நின்றாள். பொம்பளைப் பிள்ளை போடக் கூடாது என்று ஒருவர் சொன்னார். "போடட்டும்யா. அந்தப் புள்ளைக்கு அவ, அவளுக்கு அந்தப் புள்ள. வேற யாரு இருக்கா?" என்றார் மூக்கன் கங்காணி. அவள் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள்.

பிறகு கங்காணி எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா மட்டும் நேரத்தோட நிறுவைக்குக் கூப்புடலைன்னா இன்னைக்கு எத்தன குழி வெட்டியிருப்போமோ." பெண்கள் அழுதுகொண்டே தலையாட்டினார்கள். அழகம்மா கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

குளவிச் சாவை யாரும் விசாரிப்பதில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பொய்யான நன்றியை வாங்கி வைத்துக்கொள்வது பொய்தான். உயிர் போனாலும் பொய் கூடாது என்று அந்த இரண்டாவது பள்ளி சொல்கிறது. அதனால் வந்தேன். வருத்தத்தில் வந்தேன் என்று மொழிபெயர்ப்பவர் எழுத வேண்டாம். வருத்தம் இருக்கிறது, நிறைய இருக்கிறது, சோறு இறங்கவில்லை. ஆனால் வந்தது கடமை என்பதால்.

பேச்சியம்மாவைக் கொன்றது நான். கல்லால். யோசித்து, எழுதி வைத்து, நாள் பார்த்து. பூரணி பிழைக்காவிட்டால் அதுவும் நான்தான். ஒருத்தி போனால் முப்பத்திரண்டு பேர் இருப்பார்கள், அந்த ஒருத்தி யாருமற்றவளாக இருந்தால் யாருக்கும் இழப்பில்லை என்று நினைத்தேன். இப்போதும் உட்கார்ந்து பார்த்தால் அந்த வழிமுறையில் எனக்குப் பிழை தெரியவில்லை. விவரம்தான் பிழை என்று நேற்று மத்தியானம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மத்தியானம் உங்கள் சார்ஜன்ட் கடைசியில் என்னை நம்பி, உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து ஒரு படிவம் நிரப்பினார். என் சிங்களத்துக்குப் புரியும்படி மெதுவாகக் கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லை என்றேன். பிள்ளைகள்? இல்லை. அம்மா, அப்பா? இரண்டு பேரும் இல்லை. சகோதரர்? இல்லை. நோய்? நெஞ்சு பலவீனம், மாத்திரை எடுக்கிறேன் என்றேன். உங்களுக்கு ஒன்று நடந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும்? யாருமில்லை என்றேன். அவர் நேரே ஒரு கோடு கிழித்தார்.

பிறகு கையெழுத்துப் போடச் சொன்னார். நான் பேனாவை எடுத்துத் திரும்ப மேசையில் வைத்தேன். அன்று காலை ஏழாம் நம்பர் மலையில் நாங்கள் முப்பத்துநான்கு பேர் இருந்திருக்கிறோம், ஐயா. நான் முப்பத்துமூன்று பெயர்தான் எழுதினேன்.